ஒக்கினாவாவில் சைவமாக வாழும் மகளுக்கு

கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில், ஓன்னா கிராமத்தில் பல்கலைக்கழக வளாகத்தை விட்டு வெளியே வந்தால் சாப்பிட ஒன்றும் அகப்படவில்லை என்றும், சோறும் ஊறுகாயுமாகவே பொழுது போகிறது என்றும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, அம்மா பொடி வகைகளை வறுத்து அரைக்கத் தொடங்கிவிட்டாள். பெட்டி வந்து சேரும். ஆனால் ஊரிலிருந்து வரும் பெட்டியை நம்பி ஒரு தீவில் ஆண்டுக்கணக்காகக் காலந்தள்ள முடியாது என்பதால், நாங்கள் அங்கு வந்து உன்னோடு தங்கியிருந்தபோது கண்டவற்றையும் அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். பாலையும் தயிரையும் நீ விட்டுவிட்டது குறித்து உனக்கும் அம்மாவுக்கும் நடக்கிற வழக்கில் நான் தலையிடவில்லை. விட்டாயிற்று என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தத் தீவில் சைவர்களுக்குத் தொல்லை தருவது தட்டில் தெரிகிற இறைச்சித் துண்டு அன்று; அதைக் கண்ணால் கண்டு ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் சாற்றில் கரைந்திருக்கும் மீன்தான் உண்மையான தொல்லை. தாஷி என்று அவர்கள் சொல்லும் அடிச்சாறு, பெரும்பாலும் கட்சுவோ எனப்படும் சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தி, மரச்சீவலைப் போலச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து எடுப்பது. இலங்கையில் மாசி என்று சம்பலில் இடித்துப் போடுகிறார்களே, அதுவும் இதே சூரை மீன்தான். மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப், காய்கறிக் கூட்டு, ஊறுகாய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் இது இறங்கியிருக்கும். ஒக்கினாவாவில் இதனோடு பன்றி எலும்புச் சாறும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஒக்கினாவா சோபா என்று அங்கு பெயர் பெற்ற கோதுமை நூடுல்ஸில், மேலே வைத்திருக்கும் பன்றித் துண்டுகளை எடுத்துவிட்டுத் தரும்படி கேட்பதால் ஒரு பயனும் இல்லை. அந்தச் சாறே பன்றி எலும்பிலும் சூரையிலும் கொதித்து வந்தது. உணவகத்தில் சைவம் என்று மட்டும் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியை எடுத்துவிட்டு மனமார்ந்த அன்போடு அதையே கொண்டுவந்து வைப்பார்கள். ஆகையால் பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், "கட்சுவோ தாஷி வா ஹைத்தே இமாசு கா" என்று நேராகக் கேள். சூரைச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டால், உள்ளே போய்ச் சமையற்காரரைக் கேட்டுவந்து ஒளிவுமறைவின்றிச் சொல்கிற மக்கள் அவர்கள். இதை நானே பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கும் பொட்டலங்களில் நீ ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னாய். அது பாதி வழிதான் கொண்டு சேர்க்கும். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு போன்றவற்றைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். 2023இல் அக்ரூட்டும் அதில் சேர்ந்தது. பாலையும் முட்டையையும் தவிர்க்கிற உனக்கு அந்த வகையில் அது பெரிய உதவி. ஆனால் சூரை மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் குறிப்பிட்டால் நல்லது என்ற அளவிலேயே நிற்கின்றன. எனவே ஒவ்வாமைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடையாமல், அதற்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைத் தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவில் முழுவதும் படி. கட்சுவோ எகிசு (சூரைச் சாரம்), போக்கு எகிசு (பன்றிச் சாரம்), கியோகாய் எகிசு (கடலுணவுச் சாரம்), ராடோ (பன்றிக் கொழுப்பு) ஆகிய நான்கும் கண்ணில் படாதவரை ஓரளவு நம்பலாம். சோற்றுருண்டையில் உள்ளே வைத்திருப்பது உமே என்ற புளிப்புப் பழத்தின் ஊறுகாய்தானே என்று எடுக்காதே. அந்த ஊறுகாயிலேயே சூரைச் சாறு சேர்ப்பது வழக்கம். உப்பு மட்டும் போட்ட உருண்டையும் இருக்கிறது. அவசரத்துக்கு அதுவே நல்லது.

ஊரில் இருப்பவர்கள் கடற்பாசி சாப்பிடு என்று உனக்கு அறிவுரை சொல்வார்கள். ஜப்பானில் விளையும் மொசுக்குப் பாசியில் மிகப் பெரும்பகுதி ஒக்கினாவாக் கடலில்தான் வளர்க்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் சிறு கிண்ணங்களில் புளிக்காடியோடு விற்பதில் பெரும்பாலும் சூரைச் சாறு கலந்திருக்கும். எதுவும் சேர்க்காத மொசுக்கை வாங்கி, அந்த ஊர் சீக்குவாசா எலுமிச்சையைப் பிழிந்து நீயே கலந்துகொள். அடிச்சாற்றுக்குக் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷிதாக்கே காளானும் போதும். ஜப்பானியப் பௌத்த மடங்களில் துறவிகள் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் சமைக்கிறார்கள். கொம்பில் அயோடின் மிக மிக அதிகம் என்பதால் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள். அம்மாவின் தைராய்டு நம் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை.

இனி நான் சொல்ல விரும்புகிற முக்கியமான செய்திக்கு வருகிறேன். உணவகங்களை வைத்து அந்தத் தீவை நீ எடைபோடாதே. சந்தையை வைத்து எடைபோடு. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓன்னாநோ எக்கி என்ற அந்தச் சாலையோரச் சந்தைக்குள் நுழைந்தபோது எனக்கு வெளிநாட்டில் இருக்கிற எண்ணமே வரவில்லை. பாகற்காய், நுரைப் பீர்க்கு, நீர்ப்பூசணி, சேப்பங்கிழங்கு, பப்பாளிக்காய், வள்ளைக்கீரை, சிறகவரை, மஞ்சள் கிழங்கு என்று நம் பக்கத்துக் காய்கறிகள் வரிசையாக இருந்தன. சர்க்கரைவள்ளியின் கொழுந்து இலையைக் கந்தபா என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள். இங்கு நாம் அதை மாட்டுக்குப் போடுகிறோம். ஹந்தமா என்ற கீரை மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் ஊதாவாகவும் இருக்கும். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் கூட்டே ஊதா நிறமாகிவிடும், பயப்படாதே. இன்னொன்றையும் நினைவில் வை: அங்கு கோடையில் எல்லாக் காய்களும் விளைவதில்லை. கோசு, காரட், லெட்டூஸ் எல்லாம் குளிர்காலத்துப் பயிர்கள். கோடையில் அவற்றைத் தேடினால் கப்பலில் வந்தவற்றை அதிக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் பாகலும் பீர்க்கும் வள்ளைக்கீரையும் போதும்.

அந்தப் பாகற்காயை வாங்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் நீ அறிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பாகல் தோட்டங்களில் பிஞ்சைத் துளைத்து அழுகவைக்கும் பழ ஈயே அங்கும் ஒரு காலத்தில் காய்களை நாசமாக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒக்கினாவாப் பாகற்காயை ஜப்பானின் மற்றத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லவே தடை இருந்தது. 1972இல் தொடங்கி, கதிரியக்கத்தால் மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, ஒவ்வொரு தீவாக இனப்பெருக்கத்தை நிறுத்தி, 1993இல் மாகாணம் முழுவதிலும் அந்த ஈயை ஒழித்தார்கள். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் உழவர்களிடம் கவர்ச்சிப் பொறி கட்டச் சொல்லிக்கொண்டே இருந்தவன். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சர்க்கரைவள்ளியின் கூன்வண்டு மட்டும் இன்னும் அந்தத் தீவில் இருக்கிறது. ஆகவே ஊதாக் கிழங்கைப் பச்சையாகப் பையில் போட்டுக்கொண்டு டோக்கியோவுக்கு விமானம் ஏறாதே; சட்டப்படி அது தடை. வேகவைத்ததாக இருந்தால் தடை இல்லை.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு 1605இல் நொகுனி சோக்கான் என்பவர் சீனத்தின் ஃபூஜியனிலிருந்து கொண்டுவந்தது. புயலில் நெல் சாய்ந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்துக்கொள்வதால் அதுவே தீவின் சோறாயிற்று. போருக்குப் பிறகு, 1949 அளவில்கூட மக்கள் உண்ட கலோரியில் பாதிக்கு மேல் கிழங்கிலிருந்து வந்ததாகக் கணக்கு இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய ஒக்கினாவாப் பாட்டிகளைப் பற்றி உலகமே பேசியதே, அவர்கள் இளமையில் பெரும்பாலும் உண்டது கிழங்கும், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவும், கீரையும்தான். அவர்கள் சைவர்கள் அல்லர். பன்றிக் கொழுப்பும் மீனும் அவர்களுக்கு உண்டு, ஆனால் பன்றி பெரும்பாலும் பண்டிகைக்கு உரியது. டப்பா இறைச்சியும் துரித உணவும் அமெரிக்கப் படைத்தளங்களோடு வந்து படிந்தவை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒக்கினாவா ஆண்களின் ஆயுள் 47 மாகாணங்களுக்குள் 26ஆவது இடத்துக்கு இறங்கியபோது அந்தத் தீவே அதிர்ந்துபோயிற்று. உன் தட்டு இன்றைய உணவகத்தைவிட அந்தப் பாட்டிகளின் தட்டுக்கு நெருக்கமானது என்பதை, உன் ஆய்வகத் தோழர்கள் கேலி செய்தால் சொல்லலாம்.

புரதத்துக்கு ஷிமா டோஃபு இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம். ஜப்பானின் மற்ற இடங்களில் அரைத்த சோயாவைக் கொதிக்கவைத்த பிறகு பிழிகிறார்கள். ஒக்கினாவாவில் பச்சையாகவே பிழிந்து, பிறகு காய்ச்சித் திரிக்கிறார்கள். கட்டி இறுகலாக, சற்று உப்புக் கரிப்போடு, வறுத்தால் உடையாமல் இருக்கும். முன்பெல்லாம் இதைச் சூடாகவே விற்பார்கள். 2021இல் உணவுப் பாதுகாப்பு விதிகள் இறுகியபிறகு, சூடு குறைந்தால் சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டும் அல்லது குளிரூட்ட வேண்டும் என்பதால் சூடான டோஃபு அரிதாகி வருகிறது. காலையில் போனால் கிடைக்கும். உதிர்த்து, வெங்காயம் மிளகாயோடு பொடிமாஸ் செய். பிழிந்த சக்கையான ஒக்காராவும் மிக மலிவு. பருப்பு உசிலிக்குப் பருப்பின் இடத்தில் அதைப் போட்டு அம்மா செய்ததை நீ மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஆனால் ஷிமா டோஃபுவின் சக்கை பச்சைச் சோயா என்பதால் நன்றாக வேகவைத்த பிறகே தாளிக்க வேண்டும். ஜிமாமி டோஃபுவில் சோயா கிடையாது. அது நிலக்கடலைப் பாலும் கிழங்கு மாவும் சேர்ந்தது. அதனோடு தரும் இனிப்புச் சாற்றின் உறையை மட்டும் படித்துப் பார். தயிருக்கு, எதுவும் சேர்க்காத சோயாப் பாலை வாங்கி உறை ஊற்று, இனிப்பூட்டியது வேண்டாம்.

வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டிய நாள்களும் வரும். நேபாளத்தவர் நடத்தும் இந்திய உணவகங்களில் மீன் சாறு பற்றிய கவலை இல்லை. ஆனால் நான் ரொட்டியில் பாலும் சில இடங்களில் முட்டையும், பருப்பில் வெண்ணெயும் இருக்கும் என்பதால் கேட்டுக்கொண்டு சோறாக வாங்கு. உன் பேராசிரியர் வீட்டுக்கு அழைத்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நீயும் ஒரு பாத்திரம் சமைத்து எடுத்துப் போ. அப்படியும் கீரையில் இரண்டு சூரைச் சீவல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். நானாக இருந்தால் உண்ண மாட்டேன், முகமும் சுளிக்க மாட்டேன். அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை; அவள் அந்த வீட்டுக்கே போக வேண்டாம் என்கிறாள்.

புயல் மாதங்களுக்கு இப்போதே இருப்பு வை. 2023 ஆகஸ்டில் கானூன் புயல் தீவைக் கடந்து போய், மறுபடியும் தீவின் பக்கமே திரும்பி வந்தது; கப்பல்கள் நின்று, கடைகளில் ரொட்டியும் பாலும் காய்கறியும் காலியாயின. எல்லோரும் உடனடி நூடுல்ஸை அள்ளுவார்கள். அதில் உனக்கு ஆகக்கூடியது அநேகமாக எதுவும் இராது. அரிசி, உலர்ந்த காளான், கோதுமைப் பசையிலிருந்து செய்யும் உலர் ஃபூ வளையங்கள், வறுத்த நிலக்கடலை, தீவுக் கரும்பு வெல்லமான கொக்குத்தோ இவை இருந்தால் ஒரு வாரம் தாங்கும்.

வைட்டமின் பி12 மாத்திரையைத் தவறவிடாதே. கடற்பாசியில் அது இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொள்.

பெட்டியில் சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம், புளி, வத்தல் வகைகள் வைத்திருக்கிறோம். பச்சைக் கறிவேப்பிலை வைக்க அம்மா கேட்டாள், நான் மறுத்துவிட்டேன். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சையைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்புகிற பூச்சி அதிலும் தங்கும். சீக்குவாசா விளைகிற தீவுக்கு, அதுவும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் நான் அனுப்புவது முறையன்று. பெட்டி வந்து சேர்வதற்குள், நீ இப்போது பயன்படுத்துகிற மிசோவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. தாஷி-இரி என்று எழுதியிருந்தால் அதில் சாறு முன்பே சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதை உன் தோழர்களுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா