கலாவுக்கு: டிசம்பர் வேண்டாம், மே மாதம் வா

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா,
செவ்வாய் இரவு

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு இருமல் ஒருவழியாக விட்டது. பெரியவன் வாரம் ஒரு தடவை போன் செய்கிறான், அதுவும் பணம் வேண்டுமென்றால் இரண்டு தடவை. சுமதியிடம் பேசினேன். அவள் மாறவே இல்லை, இன்னும் அதே சிரிப்பு. நலம் விசாரிப்பு முடிந்தது. இனி உன்னோடு சண்டை.

விசா வந்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்துச் சமையலறையிலேயே கத்திவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் சந்தோஷம் பாதியாகிவிட்டது. 'அரையாண்டு லீவில் வருகிறோம், டிஸ்னிலேண்ட் பக்கத்தில் விலை குறைவாக ஏதாவது அறை போட்டுவிடு, ராத்திரி படுக்கத்தானே, எதுவானாலும் சரி' என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய். ஐஸ்கட்டி மேடத்தையே பேசி மடக்கியவள் நீ. அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

முதலில் தேதி. அறை விலையைக் குறைக்க ஆயிரம் வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் விடப் பெரியது தேதி. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும் அந்தப் பூங்காவில் வருஷத்திலேயே அதிகக் கூட்டம். அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளுக்கு லீவு. அறை விலை ஏறும், விமான விலை ஏறும், ஒரு நாள் டிக்கெட்டின் விலையே தேதிக்குத் தக்கபடி மாறுகிறது, அதுவும் உச்சத்தில் இருக்கும். அந்த வாரத்தில் விலை குறைவான அறை தேடுவது தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போகப் பஸ்ஸில் ஜன்னலோர சீட் தேடுவது மாதிரி.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை லீவு ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறது. இங்கே பள்ளிகள் மூடுவது மே மாதக் கடைசியிலோ ஜூனிலோதான். மே கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே என்று ஒரு விடுமுறை, அதிலிருந்து கோடைக் கூட்டம் ஆரம்பம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் உன் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், இங்குள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அதிலும் செவ்வாய், புதன், வியாழன் என்று பார்த்து வந்தால் டிசம்பர் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. வெயிலும் கொளுத்தாது. மே மாதக் காலை நேரங்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் மேகமூட்டம்தான். உன் அம்மாவுக்கு அது நல்லது.

தேதியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. டிஸ்னிலேண்ட் இருக்கும் ஊர் அனஹைம். பூங்காவுக்குத் தெற்கே, கட்டெல்லா அவென்யூ என்ற சாலையைத் தாண்டினால், அனஹைம் கன்வென்ஷன் சென்டர் என்று பெரிய மாநாட்டுக் கூடம், 1967ல் திறந்தது. அங்கே பெரிய மாநாடு நடந்தால், லீவே இல்லாத சாதாரணப் புதன்கிழமையில்கூட அறைகள் நிரம்பி விலை எகிறும். ஜனவரியில் இசைக்கருவி வியாபாரிகளின் பெரிய கண்காட்சி நடக்கும்போது இப்படித்தான். கூடத்தின் நிகழ்ச்சி அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. நீ தேதி சொன்னதும் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

உன் வீட்டுக்காரர் ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காதான் பெரியது, அங்கேதான் போக வேண்டும் என்கிறாராமே. பெரியது என்பது உண்மை. இன்னும் எதற்கும் பரீட்சை டைம்டேபிள் மாதிரி கட்டம் போட்டுத் திட்டம் வைத்திருக்கிறாரா? அவரிடம் இந்தக் கதையைச் சொல். வால்ட் டிஸ்னி அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1955 ஜூலை 17ல் பூங்காவைத் திறந்தார். கட்டி முடிப்பதற்குள் கைப்பணம் கரைந்துவிட்டது. சுற்றியுள்ள நிலத்தை வாங்க முடியவில்லை. பக்கத்தில் சொந்தமாக ஹோட்டல் கட்டவும் பணமில்லை, டிஸ்னிலேண்ட் ஹோட்டலையே ஜாக் ராத்தர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர்தான் கட்டினார். டிஸ்னி நிறுவனம் அதை வாங்கியது 1988ல். மீதி நிலத்தில் அவரவர் மோட்டல், அதாவது சாலையோரச் சின்ன விடுதி, கட்டிக்கொண்டார்கள். பூங்காவுக்குக் கிழக்கே ஹார்பர் பூல்வார்ட் என்ற சாலை நெடுகப் பெயர்ப்பலகைகள் முளைத்தன. டிஸ்னிக்கு இது பிடிக்கவில்லை. அதனால்தான் ஃப்ளோரிடாவில் வெளியே தெரியாமல் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கினார்கள், 1971ல் அந்தப் பூங்கா திறந்தது. வெளியாள் யாரும் வாசலுக்குப் பக்கத்தில் கடை போட முடியாத அளவுக்கு நிலம்.

நமக்கு இதில் என்ன? ஃப்ளோரிடாவில் விலை குறைந்த அறை வேண்டுமென்றால் கிஸ்ஸிமி என்ற ஊர்ப் பக்கம் சில மைல் தள்ளிப் போக வேண்டும், வண்டி இல்லாமல் நடக்காது. அனஹைமில் அன்று டிஸ்னியால் வாங்க முடியாமல் போன நிலத்தில் இன்றும் சாதாரண மோட்டல்கள் நிற்கின்றன. ஹார்பர் பூல்வார்டில் சிக்னலில் சாலையைக் கடந்தால் பூங்காவுக்கு நடந்து போகும் வழி. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் மூன்று இருக்கின்றன, அவற்றில் இரண்டை விடவும் இந்த மோட்டல்களில் சில வாசலுக்குக் கிட்டே. நடுத்தரக் குடும்பத்துக்கு இப்படி ஒரு இடம் கிடைப்பது அபூர்வம், கலா. எனக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, வீட்டில் எல்லாரும் ஓடிவிட்டார்கள், நீ ஓட முடியாது.

இப்போது 'எதுவானாலும் சரி' என்றாயே, அதற்கு வருகிறேன். இணையத்தில் அறை தேடும்போது விலை குறைவு என்ற வரிசையில் போட்டால் முதலில் வருபவை எல்லாம் அனஹைம் என்று பெயர் வைத்துக்கொண்டு சில மைல் தள்ளி இருப்பவை. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்றும் நம்பாதே. வடக்கே பால் ரோடு ஓரத்தில் உள்ள அறைகள் பூங்காவை ஒட்டினாற்போல் தெரியும், ஆனால் அது பூங்காவின் முதுகுப் பக்கம், அங்கே வாசல் கிடையாது, சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் 'பூங்காவிலிருந்து எவ்வளவு தூரம்' என்று பார்க்காமல், 'ஹார்பர் பக்கம் நடந்து போகும் வாசல்வரை எத்தனை நிமிஷ நடை' என்று பார்க்க வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம், ஒரு பேச்சுக்கு. தள்ளியிருக்கும் அறை 100 டாலர், வாசலுக்கு எதிரே உள்ள அறை 150 டாலர் என்று வை. அனஹைமில் அறை வரி 15 சதவீதம், அதற்கு மேல் சுற்றுலா மேம்பாட்டுக்கென்று 2 சதவீதம். ஆக 117, 175.50. வித்தியாசம் 58.50. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் முதலாவதை எடுக்கிறார்கள். ஆனால் தள்ளியிருந்தால் காலையில் போக, மதியம் வர, மறுபடி போக, ராத்திரி வர என்று நாலு டாக்ஸி. ஒன்றுக்கு 15 டாலர் என்று வைத்தாலும் 60. அங்கேயே மிச்சம் போய்விட்டது. நாம் இத்தனை பேர் சின்னக் காரில் அடங்கமாட்டோம், பெரிய வண்டி கூப்பிட்டால் இன்னும் ஆகும். சின்னவனுக்கு ஆறு வயதுதானே? கலிஃபோர்னியாவில் எட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் காரில் குழந்தைகளுக்கான தனி இருக்கை கட்டாயம், டாக்ஸி கூப்பிட்டால் அந்த இருக்கையை நாமே சுமந்துகொண்டு அலைய வேண்டும். வாடகைக் கார் எடுத்தாலோ, பூங்காவில் நிறுத்தவே ஒரு நாளைக்கு 30 டாலருக்கு மேல்.

சுமதியின் நாத்தனார் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. மலிவு என்று எங்கோ எடுத்தார்கள். போய் இறங்கிய பிறகு வண்டி நிறுத்தத் தனிக் காசு என்றார்கள், பூங்காவுக்குக் கூட்டிப்போகும் ஷட்டில் வண்டி காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்றார்கள். மத்தியானம் குழந்தை தூங்கி விழுந்தபோது திரும்பிப் போக வழியில்லை, நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்களாம். இப்போது ஒரு நல்லது, 2024 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியாவில் கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அரசாங்க வரியும் பார்க்கிங்கும் மட்டும் அதில் சேராது, அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் மோட்டலுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

அப்புறம் அந்த 'படுக்கத்தானே' என்ற சொல். எனக்கு அதில்தான் கோபம். நீயும் நானுமாக இருந்தால் குற்றாலத்தில் தங்கிய அந்த அறையைவிட மோசமானதிலும் தங்கலாம். பக்கெட் கூட வேண்டாம். ஆனால் அம்மா வருகிறார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அதிலிருந்தே எனக்குத் தெரிகிறது. அந்தப் பூங்காவில் காலையில் நுழைந்து ராத்திரி வாணவேடிக்கை வரை இருப்பதென்றால் இளசுகளுக்கே கால் ஓய்ந்துவிடும். அன்றைக்கே மறுபடி உள்ளே வர அனுமதி உண்டு. ஆகவே ஒரு மணி வாக்கில் அறைக்கு நடந்து வந்து, தயிர்சாதம் சாப்பிட்டு, மின்விசிறியோ ஏசியோ போட்டுக்கொண்டு கால் நீட்டிப் படுத்து, ஐந்து மணிக்கு மேல் மறுபடி போகலாம். அம்மா ஒரு நாள் முழுக்க அறையிலேயே இருக்கிறேன் என்றால்கூட, நம்மில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் வாசலுக்கு எதிரே இருந்தால்தான் முடியும். நடைபாதை சமதளம், சக்கர நாற்காலி பூங்கா வாசலருகே வாடகைக்குக் கிடைக்கிறது. அம்மா வேண்டாம் என்பார்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

என் அப்பா இறந்த வருஷம் ஹாஸ்டலில் நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன், நினைவிருக்கிறதா? நீ வீட்டில் போய்ச் சொன்னாய். மறுநாள் காலையில் அம்மா தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றார்கள். மூன்று பஸ் மாறி வந்திருந்தார்கள். சாப்பிடு என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்த அம்மாவை நான் சில மைல் தள்ளி, பஸ் வருமா டாக்ஸி வருமா என்று காத்திருக்க வைக்கமாட்டேன். அறையில் வரும் வித்தியாசத்தை நான்தான் தருவேன். இதில் நீ பேச ஒன்றுமில்லை, உன் வீட்டுக்காரரும் பேசக் கூடாது.

நானும் வருகிறேன், அதைச் சொல்லவில்லையே! மே மாதம் என்றால் எனக்கு லீவு கிடைக்கும், டிசம்பரில் கிடைக்காது. இங்குள்ள அறைகளில் வழக்கமாக இரண்டு பெரிய கட்டில், நாலு பேர் கணக்கு. நீங்கள் ஐந்து பேர், ஒரே அறை என்று மறைத்துப் போடுவதெல்லாம் வேண்டாம். நீங்கள் நாலு பேர் ஒன்றில், அம்மாவும் நானும் இன்னொன்றில். நடுவில் கதவு உள்ள அறைகளாகக் கேட்கிறேன். குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் எடுப்பேன். காலைச் சாப்பாடு இலவசம் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள், முட்டையும் ரொட்டியும் பிள்ளைகளுக்கு ஆகும், அம்மாவுக்கு ஆகாது. பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரைக்குப் பொடி இடித்துக் கொண்டு வா, உன் கைப்பக்குவத்தில்.

இங்கே என் வீட்டில் ஒரு வாரமாவது இருந்துவிட்டு, ஓக்லாந்திலிருந்தோ சான் ஹோசேயிலிருந்தோ விமானம் பிடித்தால் ஜான் வெய்ன் விமான நிலையம். லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதைவிட அது அனஹைமுக்கு ரொம்பக் கிட்டே. அங்கிருந்து ஒரே ஒரு பெரிய வண்டி, அதற்குப் பிறகு திரும்பும்வரை நடைதான். சின்னவனின் இருக்கைக்கு நான் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் தம்பி ஏதாவது தளத்தில் 'ரத்து செய்ய முடியாது, விலை குறைவு' என்று காட்டுவதைப் பார்த்து அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடப் போகிறான். வேண்டாம். அம்மாவின் உடம்பை வைத்துக்கொண்டு அப்படி எடுக்கக் கூடாது. ரத்து செய்யக்கூடிய அறையாக இப்போதே ஒன்றைப் பிடித்து வைக்கிறேன். அவ்வப்போது விலை பார்ப்பேன், குறைந்தால் புதிதாக எடுத்துவிட்டுப் பழையதை விட்டுவிடுவேன். ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று நாட்காட்டியில் எழுதி வைத்துவிட்டால் போதும்.

இப்போது நீ செய்ய வேண்டியது: பள்ளியில் லீவு என்று தொடங்குகிறது என்று கேட்டு எழுது, பெரியவளுக்கு ஏதாவது சிறப்பு வகுப்பு வைத்திருக்கிறார்களா என்றும் கேள். அம்மாவின் டாக்டரிடம் நீண்ட விமானப் பயணத்தைப் பற்றிப் பேசு, சும்மா தலையாட்டாமல் என்ன சொன்னார் என்று வரிக்கு வரி எழுது. தேதி வந்த அன்றே அறை போட்டுவிட்டு உனக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தி

பி.கு: அம்மாவிடம் போனைக் கொடுத்து எனக்கு ஒரு தடவை கூப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை நேரமானால் நான் வீட்டில்தான் இருப்பேன்.