மழை என்று நினைத்துத் துணி எடுக்க ஓடியவள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் சிரித்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஜூலை 30-ஆம் தேதி நீ கூப்பிட்டபோது, "யாரோ பழைய பாடகர் இறந்துவிட்டாராம் அம்மா, பிராட் ஸ்ட்ரீட்டையே அடைத்துவிட்டார்கள், ஆபீஸுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று" என்று சலித்துக்கொண்டாய். நான் "அப்படியா, சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த யாரோ ஒருவரின் பெயர் ஆஸி ஆஸ்போர்ன். பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் நிற்கும் பெரிய இயந்திரக் காளையோடு நீ படம் எடுத்து அனுப்பினாயே, அதற்கு வைத்திருப்பதும் அவர் பெயர்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு உனக்குத் தெரியவில்லை. திருச்சியில் இருக்கும் எனக்கு அவரைப் பதினைந்து வயதிலிருந்து தெரியும். உன் அப்பாவைத் தெரிவதற்குப் பத்து வருடம் முன்பிருந்து.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீடு நம் கேக் ஆன்ட்டியின் வீடு. கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் கொண்டுவருவாள் என்பதால் அந்தப் பெயரை வைத்தவன் நீதான். அவர்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவளுடைய அண்ணன் 1981-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் விட்டுவிட்டுப் போனான். அப்போதெல்லாம் அந்தக் காலனியில் மாதத்துக்கு ஒரு குடும்பம் பெர்த்துக்கோ மெல்போர்னுக்கோ போய்க்கொண்டிருந்ததைப் போல எனக்கு ஞாபகம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு தட்டைப் போட்டாள். மழைச் சத்தம். இடி. நான் எழுந்து கொடியில் காய்ந்த துணியை எடுக்க வாசலுக்கு ஓடினேன். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு ஒரு கோயில் மணி அடித்தது. அதுவும் எங்கள் தெருக்கோடி மாதா கோயில் மணி இல்லை, தட்டிலிருந்துதான் வந்தது. அதன் பிறகு வந்தது கிடார். மூன்றே சுரம்.

ஆஸி பாடகராக இருந்த பிளாக் சபாத் குழுவின் முதல் தட்டு அது. 1970 பிப்ரவரியில் வந்தது. பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்து முடித்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது அந்த மூன்று சுரம் மட்டும்தான். நான் அப்போது வர்ணம் வரைக்கும் பாட்டுக் கற்றிருந்தேன். கை தானாகத் தொடையில் தாளம் போட, மனம் கணக்குப் போட்டது: கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் நின்று ஒரு நடுக்கம். ஐரோப்பாவில் இந்த இடைவெளியைச் சாத்தானோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்தப் பாட்டும் அந்த பயத்தைத்தான் கிளப்புகிறது. எனக்கோ சிரிப்பு வந்தது. நம்முடைய எழுபத்திரண்டு மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களில் சரிபாதி முப்பத்தாறு பிரதி மத்யம ராகங்கள். கல்யாணி இல்லாமல் நம் ஊரில் கல்யாணக் கச்சேரி உண்டா? அவர்கள் பேய் என்று பயப்படும் சுரத்தில் நாம் மாப்பிள்ளையை அழைக்கிறோம். பாட்டு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மறுபடி பாடிக் காட்டு" என்றார். பாடினேன். "சுருதி சுத்தமாக இருக்கிறது. ஆனால் இனிமேல் இங்கே பாடாதே" என்றார்.

ஆனால் சுரக் கணக்குக்காக நான் அந்த இசையில் விழவில்லை. சத்தத்துக்காக. காலையில் பட்டறைச் சங்கு ஊதினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. தாத்தா அங்கே கொல்லுப் பட்டறைப் பிரிவில் இருந்தார். சம்மட்டியும் நீராவியும் இரும்பை இரும்பு இழுக்கும் சத்தமும்தான் எனக்குத் தாலாட்டு. மேற்கத்திய இசை என்றால் மினுமினுப்பான ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இது நம் தெருச் சத்தம் அல்லவா என்று தோன்றியது. அப்புறம்தான் தெரிந்தது, அவர்களும் பட்டறைத் தெருப் பிள்ளைகள்தான். பர்மிங்காமில் ஆஸ்டன் பகுதி. ஆஸியின் அப்பா இரவு ஷிஃப்டில் கருவிகள் செய்யும் தொழிலாளி. ஆறு பிள்ளைகள், சின்ன வீடு. ஆஸி கசாப்புக் கூடத்தில்கூட வேலை பார்த்திருக்கிறார்.

கிடார் வாசித்த டோனி அயோமியின் கதையைத்தான் உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். பதினேழு வயது. தகட்டுத் தொழிற்சாலையில் அன்று அவருக்குக் கடைசி நாள். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போகவேண்டும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனி போகப் போவதில்லை என்று சொல்ல, அவருடைய அம்மா, "எடுத்த வேலையை முடித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினாராம். அவரே சொல்லியிருப்பது இது. அன்று பழக்கமில்லாத ஒரு பிரஸ் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலக்கை நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அவருக்கு வலக்கைதான். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. நானும் உன்னிடம் அதைத்தானே சொல்லியிருப்பேன்.

தொழிற்சாலை ஃபோர்மன் ஒருவர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவருடையது. தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிடார் வாசித்தவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, பழைய தோல் ஜாக்கெட்டில் துண்டு வெட்டி மேலே ஒட்டிக்கொண்டார். கனமான தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். 1971-இல் வந்த மூன்றாவது தட்டின் சில பாட்டுகளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். உலகமெங்கும் ஆயிரம் குழுக்கள் இன்றைக்கு நகலெடுக்கும் அந்த அடிவயிற்றுக் கனம், ஒரு பையன் வலி தாங்காமல் செய்துகொண்ட ஏற்பாட்டிலும் பாதி இருக்கிறது.

இதைக் கேக் ஆன்ட்டியின் அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்தான். நான் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அதுவரை "என்ன காட்டுக் கத்தல்" என்று திட்டிக்கொண்டிருந்தவர். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் அவருடைய தடித்த விரல்களை நீயும் பார்த்திருக்கிறாய். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த பிரஸ்ஸுக்குக் கம்பித் தடுப்பு போட்டிருக்க மாட்டார்களா?" என்று கேட்டார். பிறகு, "பிளாஸ்டிக் வழுக்குமே, அதற்குத்தான் தோல். கெட்டிக்காரன்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் கத்தல் என்ற சொல் எழவில்லை. 'அந்த ஃபிட்டர் பையன் பாட்டு' என்றுதான் சொல்வார்.

தட்டு வாங்கக் காசு ஏது? மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும், "அண்ணனுக்கா?" என்பார். எனக்கு அண்ணனே கிடையாது. "ஆமாம்" என்பேன். அயர்ன் மெய்டன் என்ற இன்னொரு ஆங்கிலக் குழு 1984-இல் கோல்ரிட்ஜின் கடலோடிக் கவிதையை வைத்துப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு பாட்டுப் போட்டார்கள். கேசட் தீர்ந்து, கப்பல் நடுக்கடலில் நிற்கும்போதே அறுந்துவிட்டது. மீதிக் கதை தெரிய வேண்டுமென்றே கல்லூரி நூலகத்தில் அந்தக் கவிதையை எடுத்துப் படித்தேன். ஆங்கில இலக்கியத் தேர்வில் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு கேசட்டுகள் டிரங்குப் பெட்டிக்குள் போயின. யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் வெட்கப்பட்டேன். மிக்ஸி ஓடும் நேரத்தில் டேப் ரெக்கார்டரைப் போடுவேன். உன் அப்பா வித்தியாசமே கண்டுபிடிக்கவில்லை. (அந்த எண்பதுகளின் கடைசியில் வந்த தலைமுடி அலங்காரக் குழுக்களை மட்டும் நான் சேர்த்ததில்லை. அது மிக்ஸிச் சத்தத்தைவிட மோசம்.)

இனி குற்ற ஒப்புதல். 2007 மார்ச் 17, சனிக்கிழமை. ஆபீஸ் தோழி மகளின் கல்யாணம் என்று சொல்லிவிட்டு பெங்களூர் போனேன், ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் எதுவும் இல்லை. கேக் ஆன்ட்டியும் நானும் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரிக்குப் போனோம். நாற்பத்தொரு வயது, சுடிதார், தோளில் தண்ணீர் பாட்டில் பை. சுற்றிலும் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். நெரிசலில் ஒரு பையன், "ஆன்ட்டி, இங்கே நில்லுங்கள்" என்று தன் நண்பர்களை வளைத்து நிறுத்தி எங்களுக்கு இடம் செய்து கொடுத்தான். பாட்டின் வரிகளை மட்டுமல்ல, கிடார் வாசிப்பையே அத்தனை ஆயிரம் பேரும் வாயால் பாடினார்கள். நானும் பாடினேன். மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் என்று சொன்னேன். நீ ஆசையாகப் பிரித்த தாம்பூலப் பை, ரயில் நிலையத்துக்கு வெளியே தேங்காயும் வெற்றிலையும் வாங்கி நானே கட்டியது.

2025 ஜூலை 5-ஆம் தேதி உங்கள் ஊர் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் குழுவின் நான்கு பேரும் இருபது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக வாசித்தார்கள். காசு கட்டி இணையத்தில் பார்த்தேன். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் ஆஸி ஒரு கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். எழுந்துவிட வேண்டும் என்று உடம்பு துடிப்பது தெரிந்தது. பதினேழு நாளில் போய்விட்டார். எழுபத்தாறு வயது. மறுநாள் வீடியோ காலில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாய். வெங்காயம் என்றேன்.

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு பெஞ்சு இருக்கிறது. நான்கு பேரின் முகமும் அதில் உண்டு. நீ தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாய் என்று வரைபடத்தில் பார்த்தேன். ஒரு நாள் சீக்கிரம் கிளம்பிப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வா. பூ எதுவும் வேண்டாம். அந்த முதல் தட்டின் முதல் பாட்டைக் காதில் போட்டுக்கொள். மழை பெய்தால் போய்விடாதே, உங்கள் ஊரில் அது நிஜ மழையாகவே இருக்கலாம்.

அடுத்த வருடம் நாங்கள் வரும்போது கேக் ஆன்ட்டிக்கும் சேர்த்து விசா விண்ணப்பம் பார்த்து வை. அப்பாவிடம் பாட்டு விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். தாம்பூலப் பை விஷயத்தை நீ சொல்லாதே.

அன்புடன்,
அம்மா