நள்ளிரவை இருட்டாக்கித் தந்தவர்களுக்கு

நண்பர்களே,

நேற்று நான் உருவாக்கிவரும் வீடியோ விளையாட்டில் முதன்முறையாக ஒழுங்காகப் பொழுது சாய்ந்தது. கடல் கறுத்தது, கலங்கரை விளக்கின் ஒளி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த இருட்டை எனக்குத் தந்தவர்கள் நீங்கள்தான்.

விளக்குக் காவலர் ஒருவரின் கதை அது. இரவு வராவிட்டால் கதையே இல்லை. ஆனால் சூரியன் உச்சிக்கு வந்ததும் அங்கேயே நின்று நடுங்கியது. நானோ நிழல் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "லைட்டை விடுங்க, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்ன எண்ணைப் படிக்குதுன்னு அச்சிட்டுப் பாருங்க" என்று, சூரியனை நகர்த்தும் என் நிரலைச் சுட்டி உங்களில் ஒருவர் சொன்னார். செய்திகள் அச்சாகும் கன்சோல் பலகத்தில் சூரியனின் கோணம் 89.8, 89.7, 89.9 என்றே ஓடியது; 90-ஐத் தாண்டவே இல்லை.

நான் பயன்படுத்தும் விளையாட்டு எஞ்சினான யூனிட்டியில், சூரியனை ஏற்றி இறக்கும் எக்ஸ் அச்சுக் கோணத்தைப் படித்து, கொஞ்சம் கூட்டி, திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். 90.2 என்று எழுதினால், எஞ்சின் அதை 89.8 என்றும் மற்ற இரு அச்சுகளை 180 என்றும் திருப்பித் தரும். இரண்டும் ஒரே திசைதான். அந்த இரண்டு 180-களையும் நான் பூஜ்யமாக்கிவிட்டதால் சூரியன் நகர வழியில்லாமல் போனது. கோணத்தைப் படிப்பதையே நிறுத்தி, நேரத்தைத் தனி மாறியில் வைக்கச் சொன்னீர்கள். மணிக்கு 15 டிகிரி, காலை 6 மணிக்குப் பூஜ்யம். அவ்வளவுதான், சூரியன் மேற்கே இறங்கியது.

அப்புறம் இன்னொரு சிக்கல். நள்ளிரவில் இலைகளின் அடிப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் டைரக்ஷனல் லைட், அதாவது சூரியனாக நான் வைத்த விளக்கு, எரிகிறது, கீழிருந்து மேலே அடிக்கிறது என்று ஸ்கிரீன் பதிவைப் பார்த்ததுமே ஒருவர் கண்டுபிடித்தார். அடிவானத்தை நெருங்கும்போதே அதன் செறிவைப் படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். சரியானது.

விளக்கின் பித்தளைக் குமிழைக் கவனித்தவருக்குத் தனி நன்றி. சுற்றிலும் இருட்டு, அந்தக் குமிழில் மட்டும் நண்பகல் நீலவானம்! சுற்றுப்புறத்தைப் படம்பிடித்துப் பளபளப்பான பொருள்களில் பிரதிபலிக்கவைக்கும் ரிஃப்ளெக்ஷன் ப்ரோப், பகலில் பேக் செய்த, அதாவது முன்கூட்டியே பதிந்துவைத்த, படத்தோடே இருந்திருக்கிறது. விளையாட்டு ஓடும்போதே படத்தைப் புதுப்பிக்கும் ரியல்டைமுக்கு மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களாக வரைய வேண்டும், ஃப்ரேம்தோறும் செய்தால் வேகம் விழும் என்று முன்கூட்டியே எச்சரித்தீர்கள். இப்போது விளையாட்டு நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் வழியாகப் புதுப்பிக்கிறேன். அந்திச் சிவப்பு குமிழில் மெல்லத் தேய்ந்து மறைவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எனக்காக உங்கள் வேலையை ஒதுக்கிவைத்து, என் நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறீர்கள். ஒருவர்கூட "இது தெரியாதா" என்று கேட்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

விளையாட்டின் முடிவில் வரும் நன்றித் திரையில் உங்கள் பெயர்களைப் போட விரும்புகிறேன். எந்தப் பெயரில் வரவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்.