உறுமியை மாற்றாதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். உன் உறுமிக் குழுப் பையன்களும் படிக்கட்டும்.

"மாமா, ராக், மெட்டல்ல பெஸ்ட் பத்து ஆல்பம் சொல்லுங்க, ரெக்கார்டிங்குக்கு முன்னாடி கேட்டுப் பார்க்கணும்" என்று கேட்டிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் உன் அம்மா போன் போட்டு வேறொரு கதை சொன்னாள். கோலாலம்பூரில் நீங்கள் போய்ப் பார்த்த ஸ்டூடியோக்காரர், உறுமி இரைச்சலாக இருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே நல்ல உறுமிச் சத்தம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம், தாளம் எண்ணும் கிளிக் சத்தத்தைக் கேட்டு அடித்துக் கொடுத்தால் போதும் என்றாராம். நீங்களும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தீர்களாம்.

அதனால் பத்தெல்லாம் கிடையாது. எனக்குப் பிடித்தவற்றில் உன் உறுமிக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்காதே.

முதலில் இங்கிலாந்து மெட்டல் குழு பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம். 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில், 17 வயதில், இயந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர். கம்பியை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கைதான். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிற எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஆலையிலும் விரல் கொடுத்தவர்கள் உண்டு. யாரும் கிட்டார் வாசிக்கப் போகவில்லை.

அவருடைய மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கிறார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் ஐரோப்பாவையே ஆட்டிப்படைத்த கிட்டார்க்காரர் ஜாங்கோ. அயோமி வீட்டுக்குப் போய், பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். வழுக்காமல் இருக்க அதன்மேல் தோலை ஒட்டினார். தடித்த கம்பியை அழுத்த முடியாததால் மெல்லிய கம்பி போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார், கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையுமே என்று. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல்காரர்கள் சுருதியை இறக்கிக்கொண்டு திரிகிறார்களே, அந்தக் கனத்த சத்தத்துக்கு மூலம் இந்தக் காயப்பட்ட விரல்தான்.

முதல் ஆல்பத்தை ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பது போல ஒன்றாக நின்று வாசித்தார்கள். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் நாலு பேர் ஒரு அறையில் நிற்பது தெரியும். பாடிய ஓஸி ஆஸ்பர்ன் முன்பு கார் ஹாரன்களைச் சரிபார்க்கும் வேலையிலும், மாடு வெட்டும் கொட்டகையிலும் இருந்தவர். 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் கடைசி கச்சேரி செய்தார், ஜூலை 22 அன்று போய்விட்டார். சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். அந்த வீடியோவை நான் ஆலைக் கேண்டீனில் வைத்துப் பார்த்தேன். நம் ஆட்கள் யாருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

அடுத்தது உனக்கு நேரடியாகப் பாடம். லெட் செப்லினின் நாலாவது ஆல்பம், 1971. அதன் கடைசிப் பாட்டை டிரம்முக்காக மட்டும் கேள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில், ஒரு காலத்தில் ஏழை எளியவர்களை அடைத்து வேலை வாங்கிய விடுதி அது, கூடத்தின் தரையில் ஜான் பான்ஹம் டிரம்மைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படிக்கு மேலே இரண்டே இரண்டு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். டிரம்முக்குப் பக்கத்தில் மைக்கே இல்லை. சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி, சுவரில் மோதி, மேலே போய்ச் சேருவதற்குள் பூதம் மாதிரி ஆகிவிட்டது. எத்தனையோ பேர் அந்த டிரம்மை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். அந்தப் படிக்கட்டை மட்டும் யாராலும் கட்ட முடியவில்லை.

இப்போது உன் உறுமியை யோசி. ஓர் அடி தூரத்தில் காதை வைத்தால், வளைந்த குச்சி தோலில் உரசுகிற கரகரப்புதான் முதலில் வரும். ஸ்டூடியோக்காரர் அதைத்தான் கேட்டிருக்கிறார், பாவம். இருபது அடி தள்ளி நின்றால் கரகரப்பு அடங்கி, அந்த முனகல் எழும்பும், "ஊம்ம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து. தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங்கிலிருந்து காவடியோடு நடந்து கல்லுமலைக் கோயிலுக்குக் கிட்டே போகும்போது, சுண்ணாம்புக்கல் பாறையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வருமே, அடிக்கிற உனக்கே ஒரு நிமிஷம் சாமி வருவது மாதிரி இருக்கும் என்று நீயே சொன்னாய். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உறுமியை எந்த ஊரில் எந்த அறையில் யார் அடித்தார்களோ. அதில் நம் சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது?

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' கதையும் இதே ஜாதிதான். சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் ஒரு கேசினோவில் பதிவு செய்யலாம் என்று போனார்கள். 1971 டிசம்பர் 4 அன்று, வேறொரு கச்சேரி நடக்கும்போது யாரோ கூரையில் தீப்பந்தத் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துபோனது. குளிர்காலத்துக்காக மூடியிருந்த ஒரு ஹோட்டலைப் பிடித்து, தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி வாசித்தார்கள். ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாக, பால்கனி பால்கனியாகச் சுற்றிப் போக வேண்டும். அலுத்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். சரியாக வந்தது என்று மனசுக்குப் பட்டால் அடுத்த பாட்டு. நீங்கள் ஒவ்வொரு அடிக்கும் திரையில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

சுத்தமாகப் பதிவு செய்வது பாவம் என்று மாமா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' (1980) துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் இறந்தார், ஜூலையில் புதுப் பாடகரோடு ஆல்பம் வெளியே. அட்டை முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்கு. ஆரம்பத்தில் ஒரு மணி அடிக்கும். ஏதோ ஒரு கோயில் மணியின் பதிவை வாங்கி ஒட்டியிருக்கலாம், மாட்டோம் என்றார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஒரு மணிக்கூண்டில் போய்ப் பதிவு செய்யப் பார்த்தார்கள். மணி அடித்ததும் உள்ளே இருந்த பறவைகள் படபடவென்று பறந்து காரியத்தைக் கெடுத்தன. கடைசியில், தங்களுக்காக ஒரு டன் கனத்தில் வார்த்த மணியை வார்ப்புப் பட்டறைக்கே போய்ப் பதிவு செய்தார்கள்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) பற்றி நான் ஆரம்பித்தால் உன் அத்தை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். சுருக்கமாக: எட்டுப் பாட்டு, ஐம்பத்தைந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. டென்மார்க்கில் மூன்று மாதத்துக்கு மேல் உட்கார்ந்து செதுக்கினார்கள். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலக்கையைக் கவனி. மேலும் கீழுமாக அடித்தால் கைக்குச் சுலபம். அவர் பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிப்பார், அந்த வேகத்திலும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். ஆலையில் பிரஸ் ஓடுகிற மாதிரி துல்லியம், ஆனால் கை வலிக்கிறது என்பது கேட்கிறவனுக்கும் தெரியும். பேஸ் என்கிற அடிச்சுர கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தபோது வயது 24. அந்த ஆல்பத்தில் பாடல்வரி இல்லாத ஒரு நீண்ட இசை வரும், நடுவில் எல்லாம் ஓய்ந்து பேஸ் மட்டும் நடந்து வரும். அதை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வரும்போது கேட்பேன், ஒரு காதில் மட்டும்தான், பயப்படாதே.

அவருக்குப் பதிலாக ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988இல் அடுத்த ஆல்பம். பாட்டுகள் பிரமாதம், ஆனால் பேஸைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும்போது அமுக்கிவிட்டார்கள். ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து வாசித்தது அடியில் புதைந்து கிடக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கோபம் வரும் எனக்கு. உன் உறுமியும் அப்படி ஆகக்கூடாது. 2003இல் அவர்களே 'செயின்ட் ஆங்கர்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள், அதில் ஸ்னேர் டிரம் பிஸ்கட் டின்னைத் தட்டுவது போல இருக்கும். செயற்கைத்தனம் இல்லாமல் செய்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்பதற்கு அதைப் பாதி கேட்டால் போதும்.

ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்', அதுவும் 1986. பத்துப் பாட்டும் சேர்த்து 29 நிமிஷம். எதிரொலி பெரிதாகக் கிடையாது, முகத்துக்கு நேரே கத்துவது மாதிரி இருக்கும். அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காரும். என்னிடம் இருந்த பிரதியின் மறுபக்கத்தில் உன் பாட்டி, மலேசியத் தமிழ் வானொலியான ரேடியோ 6இல் வந்த சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டுகளைப் பிடித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டு ரேடியோ கேசட் பெட்டியில் பக்கம் தானாகவே திரும்பும். ஸ்லேயர் முடிந்து அரை நிமிஷம் உஸ்ஸென்று ஓடும், உடனே சீர்காழி. தோட்டத்து லயன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுவதா பாட்டியைக் கும்பிடுவதா என்று தெரியாமல் இருந்தார்கள். இன்னொன்று: சீர்காழியின் குரலுக்கு முன்னால் ஸ்லேயர் ஒன்றும் சத்தமாக இல்லை.

மலாய் ராக் குழு செர்ச்சின் 'ஃபெனோமெனா' (1989) பற்றி நீ மலாய் நண்பர்களிடம் கேட்டுக்கொள். அந்தக் காலத்தில் அது ஓடாத ரொட்டி சானாய்க் கடை கிடையாது.

கடைசியாக இரண்டு, உனக்கென்றே வைத்திருந்தது. செபுல்துரா பிரேசில்காரர்கள். 1993இல் 'கேயாஸ் ஏ.டி.'யில் ஒரு பாட்டை வேல்ஸில் ஓர் இடிந்த கோட்டைக்குள் உட்கார்ந்து, மின்சார கிட்டார் இல்லாமல் பதிவு செய்தார்கள். 1996இல் 'ரூட்ஸ்'. அதற்காகத் தங்கள் நாட்டு உட்பகுதிக்குப் போய் ஷவான்டே பழங்குடியினரோடு தங்கி, அவர்கள் பாட அவர்கள் ஊரிலேயே பதிவு செய்தார்கள். தாளத்துக்கு கார்லின்யோஸ் பிரவுன் வந்தார். மெட்டல் என்றால் இங்கிலாந்து, அமெரிக்கா என்று இருந்த காலத்தில், எங்கள் வீட்டு மேளம் இது, இதுவும் கனமாகத்தான் இருக்கும் என்று கொண்டுவந்து வைத்தார்கள். உறுமியும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் ஒன்றாக நிற்குமா என்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கத்துவதில்லை. ஒன்று இழுக்கும்போது மற்றது இடம் விடும்.

இன்னொன்று ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். சிங்கப்பூரின் ருத்ரா, 1992இல் தொடங்கிய குழு, பாடி பேஸ் வாசிப்பவர் கதிர். 2005இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1'ஐ எடு. உபநிடத விசாரம், சமஸ்கிருத மந்திரம், அதோடு டெத் மெட்டல். நம் ஆட்களே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்டது பெருமையா பொறாமையா என்று இன்னும் புரியவில்லை. ஒரு குறை உண்டு எனக்கு: அதிலும் நம் உறுமி இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பழைய ரப்பர் ஸ்டோர் தெரியுமல்லவா, செம்பனைக்கு மாறிய பிறகு உரமூட்டை அடுக்குகிற கொட்டகை. சிமெண்ட் தரை, உயரமான தகரக் கூரை, ஒரு பக்கம் பலகைச் சுவர். போன வாரம் உள்ளே போய்க் கையைத் தட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாகத் திரும்புகிறது. மூட்டைகள் பாதிக்கு மேல் இருந்தால் திரும்பாது, எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். மேனேஜரிடம் நான் பேசுகிறேன். ஒரு மைக் உறுமிக்குக் கிட்டே, இரண்டு மைக் தூரத்தில் உயரத்தில். ஏணி ஆலையிலிருந்து கொண்டுவருவேன். கிட்டாரையும் பாட்டையும் பிறகு அந்த ஸ்டூடியோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, அவரிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன.

காலையிலேயே ஆரம்பிக்க வேண்டும். மத்தியானம் மழை பிடித்தால் தகரத்தின் கீழ் நீ அடிப்பது உனக்கே கேட்காது. பம்பை அடிக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கு மட்டும் ஸ்லேயரைக் கொடுக்காதே, இப்போதே அவன் பாட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
மாமா
சுங்கை சிப்புட்