கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கச்சிக்கு

என் காலில் ரத்தம் உறைந்து வீங்கியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, நடக்கிறேன். அந்த நிம்மதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த மருந்தாளர் தங்கச்சிக்கு. ஸ்கேன் முடிந்து, ரத்தம் உறையாமல் இருக்க ரிவராக்சபான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அந்த மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. கால் வலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

"வேறு எங்காவது மாத்திரை வாங்குறீங்களா அண்ணே?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள், அதில் ஒருவர் எங்கள் புளோக்கில் குடியிருப்பவர். வாயே வரவில்லை. அவள் ஒரு ரசீதைத் திருப்பிப் போட்டு, பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். "எழுதிக் காட்டுங்க, போதும்."

எழுதினேன். படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தாளை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் மருத்துவருக்குப் போன் செய்தாள். நான் அப்போது சாப்பிட்ட எச்.ஐ.வி. மாத்திரையில் கோபிசிஸ்டாட் என்ற மருந்து இருந்தது. அது ரிவராக்சபானை ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற்றிவிடும், உள்ளுக்குள் ரத்தக்கசிவு வரலாம். அன்றிரவு நான் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருப்பேன்.

அப்புறம் நடந்ததற்கெல்லாம் சிங்கப்பூர் நொவீனாவில் தேசியத் தொற்றுநோய் நிலைய மருத்துவருக்கும், பழைய நிலையம் மோல்மெயின் ரோட்டில் இருந்த காலத்திலிருந்தே என்னைத் தெரிந்த தாதி அக்காவுக்கும் நன்றி. டொலுடெக்ராவிர் என்ற வேறு எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரைக்கு மாற்றி, அது சரியாகும்வரை வயிற்றில் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு கொண்டுவந்த தம்பி, லீவு கொடுத்த முதலாளி, இரவில் போன் எடுத்த நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி.

வைரஸ் கட்டுக்குள் இருந்தாலும் உடம்புக்குள் அழற்சி கொஞ்சம் கனன்றுகொண்டே இருக்குமாம். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இத்தனை வருடம் மாத்திரை சாப்பிட்டும் எனக்கு இது தெரியாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை சூடாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

இனி எந்த மருத்துவரிடமும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றுப் பல் மருத்துவரிடம் முழுப் பட்டியலையும் நீட்டினேன். கை நடுங்கியது. அவர் நிதானமாகப் படித்தார், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று கேட்டார். அப்புறம், "சரி, வாயைத் திறங்க" என்றார்.