ஒரே இரவில் இரண்டு தேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சோமனூர் அருகே எட்டு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவன். எனக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு டிக்கெட் வாங்கிப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் கோவை வட்டாரக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் எடுக்கும் த்ரில்லர் குறும்படங்களைப் பற்றி, அதிலும் தொடக்கக் காட்சியை அவர்கள் திட்டமிடும் முறையைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். அப்படியொரு படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள் அண்மையில் என் தறிக்குடோனில்தான் எடுக்கப்பட்டன. எடுத்தவர்கள் என் மகளும் அவளுடன் படிக்கும் நால்வரும்.

படத்தின் கதை இது: இரவு ஷிப்டில் தறி ஓட்டும் தொழிலாளி ஒருவர் காணாமல் போகிறார். அவரைத் தேடி வரும் தம்பி, கதவு திறந்து கிடக்கும் குடோனுக்குள் நுழைகிறான். கதையில் நடப்பது ஒரே இரவு. பகலில் தறி ஓடியாக வேண்டுமென்பதால் படப்பிடிப்பு இரண்டு இரவுகள் நடந்தது. முதல் இரவு எடுத்த ஷாட்டில் சுவரிலிருந்த தினசரி காலண்டர் 14 என்று காட்டியது. மறுநாள் விடிந்ததும் என் தாயார், தம் வழக்கப்படி, தாளைக் கிழித்துவிட்டு நல்ல நேரம் பார்த்துவிட்டார். ஆகவே தம்பி கதவைத் தள்ளும்போது தேதி 14, நாலு எட்டு வைத்துத் தறியருகே வரும்போது 15. போதாக்குறைக்கு, முதல் இரவில் தறியில் பருத்துச் சுற்றியிருந்த காடாத் துணியைப் பகலில் அறுத்து அனுப்பிவிட்டோம். இரண்டாம் இரவில் அதே தறி இளைத்து நின்றது. எடிட்டிங் செய்ய உட்கார்ந்த பிறகே இவை ஐவரின் கண்ணிலும் பட்டன.

பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். எந்த லென்ஸ், எந்தக் கோணம், எத்தனை நொடி என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் அந்த மூன்று பக்கத்திலும், கேமரா பார்க்கும் சட்டகத்துக்குள் என்னென்ன இருக்கும், எது இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மகளின் பாடநூலைப் புரட்டியபோது இதற்கென்றே 'மிஸ்-ஆன்-சீன்' என்றொரு அத்தியாயம் இருந்தது. பிரெஞ்சு நாடக மேடையிலிருந்து வந்த சொல். மேடையில் அமைத்தல் என்று பொருள். தமிழில் காட்சியமைப்பு என்கிறோம். இடம், பொருட்கள், உடை, ஒப்பனை, வெளிச்சம், நடிகர் நிற்கும் நிலை, அவரது அசைவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய அத்தியாயம்தான். கேமராவைக் கையில் எடுத்ததும் மறந்துபோகிறது.

திட்டமில்லாமல் வந்ததால் நேர்ந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகைமூட்டம் வேண்டுமென்று மாணவர் ஒருவர் தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தறிக்குடோனில் உத்தரம், ஒயர், விளக்கு என எல்லாவற்றின் மேலும் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். ஒரு பொறி போதும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடோன்காரர் ஓடி வந்தார். ஒரு பகல் முன்னதாக வந்து இடத்தைப் பார்த்திருந்தால், நெருப்பின் ஆபத்து மட்டுமல்ல, புகையே தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கும். கங்குகளை வாசலில் கொட்டி அணைத்த பிறகு, எட்டு டியூப் லைட்டில் ஏழு லைட்டை நிறுத்திப் பார்த்தோம். வெளியே எரிந்த விளக்கின் ஒளி பின்பக்க ஜன்னல் வழியாகச் சாய்வாக விழ, காற்றில் மிதந்த பஞ்சுத்தூசி முழுவதும் பனிபோல் எழுந்து நின்றது. எதிரிலிருந்து ஒளி வந்தால்தான் தூசி தெரியும். நம் பக்கமிருந்து விளக்கைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தம்பியாக நடித்த பையனின் முகத்தில் பாதி இருட்டாகவும், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களின் நிழல் அவன் கன்னத்தில் கோடு கோடாகவும் விழுந்ததைப் பார்த்தபோது, எத்தனையோ ஆண்டுகளாக நான் வேலை பார்க்கும் இடமே எனக்கு ஒரு கணம் அச்சமூட்டியது.

அந்த ஷாட்டிலும் ஒரு குறை வந்தது. எரிந்துகொண்டிருந்த ஒற்றை டியூப் லைட் பழைய சோக் வகை. படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் அத்தகைய விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 50-இல் ஒரு பங்கு நொடியாகவோ 100-இல் ஒரு பங்கு நொடியாகவோ வைத்தால் பட்டை மறையும் என்று மறுநாள் அவர்களே விசாரித்துச் சொன்னார்கள். இடத்தில் என்ன விளக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைப்பதும் காட்சியமைப்பின் வேலைதானே.

பொருட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தொழிலாளிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, பீட்ரூட் சாற்றைத் தரையில் கொட்டியிருந்தார்கள். தறிக்காரன் கண்ணுக்கு அது பீட்ரூட் சாறாகத்தான் தெரிந்தது. குறுக்கு நூலைச் சுமந்து பாவுக்குள் இங்குமங்கும் ஓடுவது நாடா. தறியை நிறுத்துகிறவர் அதைத் தறியின் ஓரத்திலுள்ள பெட்டிக்குள் வரவிட்டுத்தான் நிறுத்துவார். நாடா பாவின் நடுவில் சிக்கி நின்றால் நூல்கள் கொத்தாக அறுந்துபோகும். அப்படி நடுப்பாவில் நின்றுபோன நாடாவையும், அருகே மரப்பெட்டியின் மேல் ஆடை படிந்து ஆறிய டீயையும் காட்டினால் போதும். கரண்ட் போகவில்லை, விளக்கு எரிகிறது. அப்படியானால் தறி ஏன் இப்படி நின்றது, ஆள் எங்கே என்று பல்லடத்திலோ அவிநாசியிலோ பார்க்கிறவர் தாமாகவே கேட்டுக்கொள்வார். தறியைப் பார்த்தே அறியாதவருக்கும், அறுந்து தொங்கும் நூலும் குடிக்காத டீயும் புரியும். த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள் செய்ய வேண்டியது இந்தக் கேள்வியை எழுப்புவதுதான் என்பது என் எண்ணம். பதிலுக்கு மீதிப் படம் இருக்கிறது.

உடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சித்திரை வெயிலில் புழுங்கும் குடோனுக்குள் மர்ம மனிதர் தலைமூடிய கறுப்பு ஜாக்கெட்டோடு வந்தால் பயம் வராது, பரிதாபம்தான் வரும். டிரோன் ஷாட் ஒன்றும் பட்டியலில் இருந்தது. சூலூர் விமானப்படைத் தளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அனுமதியின்றி அதைப் பறக்கவிட்டிருந்தால் அவர்களுக்கு உண்மையான த்ரில்லரே கிடைத்திருக்கும்.

இந்த மண்ணுக்குக் காட்சியமைப்பு புதிதன்று. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு ஸ்டுடியோவைத் தொடங்கினார். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இயங்கியது. ஸ்டுடியோ காலத்தில் சட்டகத்துக்குள் இருந்த தூணும் திரைச்சீலையும் தச்சர், ஓவியர் கைகளால் செய்யப்பட்டவை. யாரோ ஒருவர் முடிவு செய்யாமல் எந்தப் பொருளும் அங்கே வந்து நிற்க முடியாது. இன்றைய பிள்ளைகளுக்கு ஈரோட்டு மஞ்சள் கிடங்கும், காங்கேயத்துக் கொப்பரைக் களமும், பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் செலவில்லாத செட்டாகக் கிடைக்கின்றன. சும்மா கிடைப்பதாலேயே எதையும் முடிவு செய்யாமல் கேமராவைத் திருப்பிவிடுகிறார்கள் போலும்.

ஆகவே கல்லூரிகளின் விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் தராமல், படப்பிடிப்புக்கு முன் மாணவர்கள் ஒப்படைக்கும் காட்சியமைப்பு ஏட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அதில் இடத்தின் தரைப்படம், கதவு, ஜன்னல், விளக்கு இருக்கும் நிலை, ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும் பொருட்களின் பட்டியல், ஒவ்வொரு இரவும் வேலை முடிந்ததும் எடுத்த புகைப்படம் ஆகியவை இருந்தால் போதும். ஏட்டைப் பார்த்து ஆசிரியர் கையெழுத்திட்ட பிறகே கேமராவை வெளியே கொடுக்கலாம். பயிற்சிக்காக இடம் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களிடமும் அதைக் காட்டினால், எது தீப்பிடிக்கும், எந்தச் சரக்கு மறுநாள் லாரியேறும் என்று சொல்லிவிடுவோம்.

வரும் சனி, ஞாயிறு இரவுகளில் ஐவரும் திரும்ப எடுக்க வருகிறார்கள். இம்முறை கிராப் தாளில் எட்டுத் தறிகளையும் அளந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். படத்தில் வரும் மூன்றாவது தறியின் துணியை அறுக்காமல் வைக்க நானும் ஒப்புக்கொண்டேன். காலண்டர் தாளை அந்த இரண்டு நாள் மட்டும் கிழிக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தைச் சனிக்கிழமைத் தாளில் எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார்.

இங்ஙனம்,
விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
சோமனூர், கோவை மாவட்டம்.