‘விமானியின் தவறு’ என்று ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1954இல் எல்பா தீவருகிலும் நேப்பிள்ஸ் அருகிலும் கடலில் விழுந்த விமானங்களுக்கும், உலோகக் களைப்புக்கும் (அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் விரிசல் விழுவது) இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கிய கட்டுரையாளர், அதற்கு முன்பு ரோமில் நடந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்: ‘விமானியின் தவறால் ஒரு காமெட் ஓடுபாதையைத் தாண்டி ஓடியது, உயிரிழப்பு இல்லை.’ யாரும் சாகவில்லை என்றால் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை போலும்.

1952 அக்டோபர் 26 அன்று ரோமின் சியாம்பினோ விமான நிலையத்தில் இருட்டிலும் மழையிலும் அந்த விமானம் கிளம்பியது. மூக்கைத் தூக்கியது, தரையை விட்டு எழ முயன்றது, ஆனால் வேகம் கூடவில்லை, இறக்கைகள் அதிர்ந்தன. கேப்டன் ஹாரி ஃபுட் எஞ்சின்களின் விசையைக் குறைத்தார். சக்கரங்கள் பிய்ந்து, எரிபொருள் கொட்டி, எல்லை வேலியை நெருங்கி விமானம் நின்றது. தீப்பிடிக்கவில்லை, உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார் என்று பழி அவர்மேல் விழுந்தது. ஜெட் ஓட்டியவர் யார்க் ரகச் சரக்கு விமானத்துக்கு மாற்றப்பட்டார்.

நான்கே மாதங்கள் கழித்து, 1953 மார்ச் 3 அன்று, கராச்சியில் கனடிய பசிபிக் நிறுவனத்தின் காமெட் அதே போல எழ முடியாமல் ஓடி நொறுங்கியது; இம்முறை 11 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மூக்கு ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் காமெட்டின் இறக்கை தூக்குவிசையை இழக்கும், காற்றின் இழுவையும் கூடி வேகத்தைத் தின்றுவிடும். விசையால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளோ விமானியின் கைக்கு எதையும் உணர்த்தவில்லை. பிறகு இறக்கையின் முன்விளிம்பையே கீழ்நோக்கி வளைத்து மாற்றி அமைத்தார்கள். விமானியின் கை மட்டும்தான் பிழை என்றால் இறக்கையை ஏன் ஐயா மாற்ற வேண்டும்? தாங்கள் அறியாதது அல்ல.

ஃபுட் ஒரு தவறும் செய்யவில்லை என்று வாதாட நான் வரவில்லை. விமானத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தங்கள் அலுவலகத்தில் கேட்கக்கூடும். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருந்தேன் என்பது மட்டுமே தகுதி. மலைப்பாதையில் இறங்கிய எங்கள் வண்டி ஒன்று, பிரேக் பிடிக்காமல் பள்ளத்தை நோக்கி ஓடியது; ஓட்டுநர் வண்டியை மண்மேட்டோடு உரசி நிறுத்தியதால் எல்லோரும் சிராய்ப்போடு தப்பினார்கள். அவருக்குக் கிடைத்தது மெமோவும், இன்கிரிமென்ட் வெட்டும். அரை ஆண்டு கழித்து, அதே தொகுப்பு வண்டிகள் அனைத்திலும் ஏர் பிரேக் வால்வை மாற்றும்படி சுற்றறிக்கை வந்தது. என் கையாலேயே பதினொரு வண்டிகளுக்கு மாற்றினேன். மெமோவை ரத்து செய்யச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அந்த வரி அவருடைய பணிப் பதிவேட்டிலேயே இருந்தது.

எங்காவது ஒரு பேருந்து கவிழ்ந்தால் மறுநாளே, வண்டியை ஒருவரும் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே, ‘ஓட்டுநரின் தூக்கக் கலக்கம்’ என்று தங்கள் இதழும் பிற இதழ்களும் எழுதுவதைப் பற்றி ஏற்கெனவே மூன்று கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாம்பார்ப் பொடிக் குறிப்பில் மிளகாயின் அளவு தவறியதற்கு மறு இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்த தங்களுக்கு, ஒரு மனிதரின் பெயர்மேல் ஏறிய பழி அதைவிடச் சிறியதாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

ரோம் விபத்துக்குப் பிறகு காமெட்டின் இறக்கை மாற்றி அமைக்கப்பட்டது என்ற செய்தியை, ஃபுட்டின் பெயரோடு, அடுத்த இதழில் இரண்டு வரிகளில் வெளியிட்டால் போதும். பெரிய எழுத்து வேண்டாம். மிளகாய்க்குக் கொடுத்த அளவே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்,
திண்டுக்கல்.